காய்ச்சல் நோட்டை எழுத வைத்தவர்களுக்கு

அங்கன்வாடி டீச்சர், மருந்துக்கடை அண்ணன், எதிர்வீட்டு மைனி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, ரத்தம் எடுத்த சிஸ்டர், வார்டில் இருந்த சிஸ்டர்கள், கடை அண்ணாச்சி, பேட்டை பள்ளிவாசல் பெரியவர்கள், என் மாமியார், எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மாதத்தோடு என் மகளுக்கு ஐந்து வயது முடிகிறது. கடைசியாகக் காய்ச்சல் வந்து 11 வாரம் ஆகிவிட்டது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 103 டிகிரி பார்த்த வீட்டில் 11 வாரம் என்றால் என்ன என்று உங்களுக்குத்தான் தெரியும். தெருவில் பார்க்கும்போதெல்லாம் "பிள்ளை எப்படி இருக்கா?" என்று கேட்பீர்கள். நானும் "நல்லா இருக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவேன். அந்த ஒரு வார்த்தை போதாது. அதனால்தான் இந்த மடல்.

அவளுக்கு இரண்டு வயது முடிந்த கையோடு ஆரம்பித்தது. சாயங்காலம் வரை ஓடியாடி விளையாடிய பிள்ளை ராத்திரி ஏழு மணிக்கு என் மடியில் வந்து சுருண்டு படுப்பாள். தொட்டால் சுடும். சளி இருக்காது, இருமல் இருக்காது. நாலைந்து நாள் காய்ச்சல் அடிக்கும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல எழுந்து தோசை கேட்பாள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஓரிடத்தில் தொண்டைப் புண் என்றார்கள். இன்னோரிடத்தில் ஒரே ஒரு வைடால் சோதனையை வைத்து டைபாய்டு என்றார்கள். ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கும், மருந்து கேட்டுவிட்டது என்று நாங்களும் நம்புவோம். அந்தக் காய்ச்சல் மருந்தில்லாமலும் ஐந்தாம் நாள் இறங்கியிருக்கும் என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் ஏழு தடவை ஆன்டிபயாடிக் குடித்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் வயிற்றால் போனதுதான் மிச்சம்.

அதைக் கண்டுபிடித்தது எந்த ஸ்கேனும் இல்லை. டீச்சர், நீங்கள்தான்.

அன்றைக்கு அவளை அங்கன்வாடியில் விட வந்த என்னை நிறுத்தி வைத்து வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினீர்கள். "இந்தா பாரும்மா. ஜூன் 11-லருந்து பிள்ளை வரல. அப்புறம் ஜூலை 9. அப்புறம் ஆகஸ்ட் 5. இப்ப செப்டம்பர் 3. எல்லாம் நாலு நாள், அஞ்சு நாள்தான். நடுவுல ஒரு நாள்கூட லீவு இல்ல. இதைப் போய் டாக்டர்கிட்ட சொல்லு" என்றீர்கள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 28 நாள், 27 நாள், 29 நாள். பெற்ற தாய் நான், எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு காய்ச்சலும் எனக்குப் புதுக் காய்ச்சலாகத்தான் இருந்தது. நீங்கள் அதோடும் விடவில்லை. எடை போடும் அட்டையையும் எடுத்து, அவளுடைய கோடு பச்சைப் பட்டையை விட்டு இறங்கவே இல்லை என்று காட்டினீர்கள். "பெரிய சீக்கா இருந்தா எடை குறையும். பயப்படாத, ஆனா விட்டுராத" என்றீர்கள். வேலைக்குப் போகிற அம்மா, அதனால்தான் பிள்ளைக்கு இப்படி வருகிறது என்று ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருந்த நேரம் அது. அந்த இரண்டு வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். காய்ச்சல் வருகிற நாளையெல்லாம் குறித்து வைக்க நீங்கள் கொடுத்த 40 பக்க நோட்டில்தான் அன்று ராத்திரி முதல் வரியை எழுதினேன்.

மருந்துக்கடை அண்ணன், உங்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர மாட்டேன் என்று நீங்கள் சொன்ன அன்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டேன். நீங்கள் பதிலுக்குக் கோபப்படவில்லை. கையில் இருந்த பாராசிட்டமால் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுல எவ்வளவு ஊத்திக் குடுக்கீங்க?" என்று கேட்டீர்கள். ஏழரை மில்லி என்றேன். உங்கள் முகம் மாறியது. வீட்டில் முன்பு இருந்தது 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப். நான் அன்று வாங்கியது 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளது. பெயர் ஒன்று, அட்டைப் பெட்டியும் கிட்டத்தட்ட ஒன்று, மருந்தோ இரண்டு மடங்குக்கு மேல். பிள்ளையின் எடையைக் கேட்டீர்கள். 12 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் ஒரு வேளைக்குப் போகக் கூடாது என்று கணக்குப் போட்டு, பாட்டில் மேலேயே பேனாவால் "3.5 மி.லி., 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை" என்று எழுதிக் கொடுத்தீர்கள். சளி மருந்து சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னீர்கள். சமையலறை ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட்டு அளவு மூடியில் ஊற்றிக் கொடுக்கக் கற்றது அன்றிலிருந்துதான். அவள் ஈரலுக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பது உங்களால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

டாக்டரம்மா, ஹைகிரவுண்டில் உங்கள் அறைக்கு வெளியே அன்று எத்தனை பேர் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு கூட்டத்திலும் அந்த நோட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தீர்கள். வாயில் புண் வருமா, கழுத்தில் நெறி கட்டுமா, தொண்டை சிவக்குமா, காய்ச்சல் இல்லாத நாளில் எப்படி இருப்பாள், சொந்தத்தில் யாருக்காவது இப்படி வந்ததா என்று கேட்டீர்கள். அதற்கு முன் யாரும் எங்களிடம் இத்தனை கேட்டதில்லை. பெண் பிள்ளை, சளியில்லாத காய்ச்சல், அதனால் முதலில் சிறுநீரில் கிருமி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்று கல்ச்சர் எடுக்கச் சொன்னீர்கள். பிறகு வெள்ளையணுக்கள் சுழற்சியாகக் குறைகிற ஒரு நோய் உண்டு, அது பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை வரும், இவளுக்கு 28 என்றாலும் பார்த்துவிடுவோம் என்று வாரத்துக்கு இரண்டு தடவை, ஆறு வாரம் ரத்தம் எடுக்கச் சொன்னீர்கள்.

பன்னிரண்டு ஊசி. இங்கேதான் ரத்தம் எடுத்த சிஸ்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் போட்ட சத்தத்தில் நானே அழுதுவிட்டேன். மூன்றாவது தடவையிலிருந்து நீங்கள் அவளிடம் எந்தக் கை என்று கேட்க ஆரம்பித்தீர்கள். இடது கையா வலது கையா என்று அவள் தீர்மானிப்பாள். "ஊசி குத்தாது" என்று ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. "குத்தும், மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்பீர்கள், மூன்றுக்குள் முடிந்துவிடும். கடைசித் தடவை அவளே கையை நீட்டினாள். இப்போதும் பொம்மைக்கு ஊசி போடும்போது "எந்தக் கை?" என்றுதான் கேட்கிறாள்.

டாக்டரம்மா, எல்லாச் சோதனையும் முடிந்து நீங்கள் சொன்ன பெயர் பிஎஃப்ஏபிஏ. காய்ச்சல், தொண்டை அழற்சி, வாய்ப்புண், கழுத்து நெறி எல்லாம் ஒரு கணக்கு வைத்து வந்து போகும் என்றீர்கள். 1987-ல்தான் அமெரிக்க மருத்துவர்கள் 12 குழந்தைகளைப் பார்த்து இதை முதலில் எழுதினார்கள், இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, ஆன்டிபயாடிக் கேட்காது, பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுக்காது, பெரும்பாலும் பத்து வயதுக்குள் தானாகப் போய்விடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். காய்ச்சல் ஆரம்பித்தவுடன் ஒரே ஒரு வேளை ஸ்டீராய்டு கொடுத்தால் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், ஆனால் அடுத்தது சீக்கிரம் வரலாம் என்றும் மறைக்காமல் சொன்னீர்கள். ஒரு தடவை நீங்கள் எழுதிக் கொடுத்துக் கொடுத்தோம். ராத்திரி பத்து மணிக்கெல்லாம் உடம்பு குளிர்ந்துவிட்டது. அடுத்த காய்ச்சல் 19-வது நாளே வந்துவிட்டது. அப்புறம் பேசி, தேவைப்பட்டால் மட்டும் என்று முடிவு செய்தோம். டான்சில் ஆபரேஷன் என்ற வழியும் இருக்கிறது, இப்போது அவசரமில்லை என்றீர்கள். இதைப் படிக்கிற தாய்மார்கள் யாராவது அந்த ஸ்டீராய்டு மருந்தைத் தாங்களாக வாங்கிவிடாதீர்கள். அடிக்கடி வருகிற காய்ச்சலெல்லாம் இந்தக் காய்ச்சல் இல்லை. அது எங்களுக்கே நவம்பரில் புரிந்தது.

நவம்பர் மழை. முந்தைய காய்ச்சல் முடிந்து 12-வது நாள் மறுபடியும் 103. என் வீட்டுக்காரர் "இதுவும் அதுதானே, ரெண்டு நாள் பார்ப்போம்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நோட்டைத் திறந்து பார்த்தால் கணக்கு இடித்தது. இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் காய்ச்சல் என்றால் கம்பளியைப் போர்த்தி, ஜன்னலை அடைத்து, நெற்றியில் சுக்குப் பத்து போடுவார்கள். டாக்டரம்மா சொன்னதிலிருந்து பருத்திச் சட்டை, திறந்த ஜன்னல், அரை மணிக்கு ஒரு வாய் கஞ்சித் தண்ணீரோ இளநீரோ என்று மாறிவிட்டார்கள். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியும் நின்றது. பிள்ளைக்கு இதமாக இருந்தால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைப்பார்கள், நடுங்கினால் நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பிள்ளை ஒன்றுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் தினசரி காலண்டர் தாளில் பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள். அன்று சாயங்காலம் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார்கள். காலையிலிருந்து ஒரே ஒரு கோடு.

அதைப் பார்த்த பிறகு யாரும் காத்திருக்கவில்லை. எதிர்வீட்டு மைனி, மழையோடு மழையாக உங்கள் மகன் ஆட்டோவை எடுத்து வந்ததும், நீங்கள் நனைந்துகொண்டே என் சின்னவனைத் தூக்கிப் போனதும் கண்ணிலேயே நிற்கிறது. டெங்குவுக்கு எடுக்கிற என்எஸ்1 ரத்தச் சோதனை பாசிட்டிவ். டெங்கு. நான்கு நாள் வார்டில் இருந்தோம். காய்ச்சல் இறங்கிய அன்று நாங்கள் சந்தோஷப்பட்டு வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தோம். வார்டு சிஸ்டர்கள் விடவில்லை. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வருகிற ஒன்றிரண்டு நாள்தான் கவனம், வயிறு வலிக்கிறதா, வாந்தி வருகிறதா, கை கால் சில்லிடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். தட்டணு எத்தனை என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க, ரத்தம் கெட்டியாகிறதா என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் வந்து பிரஷர் பார்த்த அந்த சிஸ்டரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். நீங்கள் இதைப் படித்தால், மூன்றாவது கட்டிலில் சிவப்புக் கவுன் போட்டிருந்தாளே, அவள் அம்மா நான்.

கடை அண்ணாச்சி, தீபாவளி நேரத்தில் புடவைப் பிரிவில் ஒரு ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நோட்டு வந்த பிறகு, அடுத்த காய்ச்சல் இந்த வாரம் வரலாம் என்று முன்கூட்டியே உங்களிடம் சொல்ல முடிந்தது. நீங்கள் ஒரு தடவையும் முகம் சுளிக்கவில்லை, சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை. கூட வேலை பார்க்கிற அக்காமார் தங்கள் வார விடுமுறையை எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அந்த நாட்களை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.

பள்ளிவாசல் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாயங்கால மஃரிப் தொழுகை முடிந்து வாசலில் நிற்கும் எங்களைப் பார்த்து, பிள்ளையின் தலையில் கை வைத்து ஓதி ஊதிவிடுவீர்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் "டாக்டர்கிட்ட காமிச்சீங்களா தாயி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓதுவார். அவர் அப்படிக் கேட்டது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நோட்டு இப்போது மூன்றாவது. காய்ச்சல் முழுக்கப் போய்விடவில்லை. இன்னும் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இடைவெளி மட்டும் ஆறு வாரம், எட்டு வாரம், இப்போது பதினொன்று என்று தள்ளிப்போகிறது. வந்தாலும் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மைனி, முதல் ராத்திரி அவசரத்துக்கு நீங்கள் கொடுத்த தெர்மாமீட்டர் மூன்று வருஷமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. உங்கள் மருமகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கும் இந்த நேரத்தில் அது உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். எங்களுக்கு வேறு வாங்கிவிட்டோம். உங்களுடையதில் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளே எடுத்து வருவாள்.