கோயில் கல்யாண முருங்கை மரங்களைக் காப்பாற்ற உதவி கேட்டு மனு

அனுப்புநர்:
கோயில் தோட்டப் பொறுப்பாளர்,
ஃப்ளாக் மாவட்டம், மொரிஷியஸ்.

பெறுநர்:
பூச்சியியல் பிரிவு அதிகாரி அவர்கள்,
வேளாண் அமைச்சகம், ரெத்யுய்.

பொருள்: கல்யாண முருங்கையில் குளவிக் கட்டி – இலைக்கு மருந்து தெளிக்காமல் மரத்தைக் காக்க உதவி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கோயில் பின்வேலியில் ஏழு கல்யாண முருங்கை மரங்கள் நிற்கின்றன. முகூர்த்தக்கால் நட இவற்றின் கிளையைத்தான் வெட்டுவோம். சளி பிடித்தால் இலையைப் பறித்து அரிசியோடு அரைத்து அடை சுடுவோம்.

இந்த முறை விட்ட துளிர் எதுவும் இலையாகவே விரியவில்லை. காம்பு விரல் தடிமனுக்கு வீங்கி, இலை சுருண்டு கொப்புளமாகிவிட்டது. பிளேடால் ஒரு காம்பைப் பிளந்தேன். உள்ளே சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு வெள்ளைப் புழு. பழைய கட்டிகளில் ஊசி குத்தியது போல ஓட்டைகள். ஒரு கிளையைப் போத்தலில் போட்டுத் துணியால் வாய் கட்டி வைத்தேன். நாலாம் நாள் பார்த்தால், இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவிகள் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

கோயில் கமிட்டியில் ஒருவர், "ஓக் மரத்தில்கூட இப்படிக் கட்டி வரும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள்" என்றார். ஓக் விஷயத்தில் அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். பிள்ளைக்கு உரசிக் கொடுக்கும் மாசிக்காயே ஓக் மரத்தில் குளவி உண்டாக்கும் கட்டிதானே! (பெயரில்தான் காய்.) ஆனால் எங்கள் மரத்தில் இருப்பது வேறு குளவி. 2004-இல் சிங்கப்பூர், மொரிஷியஸ், ரியூனியன் மாதிரிகளை வைத்து அதற்கு குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்று பெயரிட்டார்கள். சுமார் மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். துளிர்க்கத் துளிர்க்கத் தாக்குவதால் மரம் இலையில்லாமலே நலிந்து சாகும். 2005-இல் ஹவாயில் நுழைந்தபோது அங்குள்ள விலிவிலி மரங்கள் (கல்யாண முருங்கைக்கு நெருங்கிய இனம்) ஏராளமாகப் பட்டுப்போயின.

இன்னொருவர் பூச்சி மருந்து அடிக்கச் சொல்கிறார். புழு கட்டிக்குள் இருக்கிறது. மேலே அடிப்பது அதை எட்டுவது கடினம். இலையைத் தின்னும் எங்களைத்தான் எட்டும்.

ஹவாயில் முக்கியமான மரங்களுக்கு அடிமரத்தில் துளையிட்டு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சி மருந்தை ஊசியாகச் செலுத்தினார்கள். அந்த மருந்து சாற்றோடு ஏறும் என்பதால் தேனீக்கும் ஆபத்து. ஆகவே, ஐயா, தங்கள் பிரிவிலிருந்து யாராவது நேரில் வந்து பார்க்க வேண்டும். அடைக்கு இலை பறிக்கும் இரண்டு மரங்களுக்கு மருந்தே வேண்டாம், கவாத்து மட்டும் போதும். மற்ற ஐந்துக்கு ஊசி தேவையா, தேவையென்றால் பூ முடிந்த பிறகு எவ்வளவு, எத்தனை காலம் இலையைத் தொடக்கூடாது என்று எழுத்தில் தர வேண்டுகிறேன். அப்புறம், தான்சானியாவிலிருந்து கொண்டுபோய் 2008-இல் ஹவாயில் விட்ட யூரிடோமா என்ற எதிரிக் குளவியை (கட்டிக் குளவியின் புழுவைத் தின்பது) இங்கும் சோதித்துப் பார்க்க வழி உண்டா என்பதையும் ஆராய வேண்டுகிறேன்.

வெட்டிய கிளைகளை உரக்குழியில் போடாமல் அன்றன்றே எரித்துவிடுகிறேன். நோய் பரவக்கூடாது என்று மூன்று கல்யாண வீட்டாருக்குக் கிளை தர மறுத்துவிட்டேன். ஒரு வீட்டில் இன்னும் என்னோடு பேசவில்லை. குளவிப் போத்தலை வைத்திருக்கிறேன், வருபவரிடம் தருகிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பொறுப்பாளர்