பிடிலை விற்க வேண்டாம், அப்பா

சிகாகோ,
பிப்ரவரி 16

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

ஸ்தோத்திரம். நான் இங்கே நலமாக இருக்கிறேன். பொங்கலுக்கு முன் நீங்கள் எழுதிய கடிதம் என் கைக்கு வந்து சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இதுவரை ஒரு வரிகூடப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான். தொலைபேசியில் பேசினால் சாப்பிட்டாயா, குளிர் எப்படி இருக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பிடிலைப் பற்றி அப்பா கேட்டதற்கு வாய்ப்பேச்சில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சபையில் கொயருக்குப் புதிய கீபோர்டு வாங்கியிருக்கிறார்கள் என்றும், வயலின் சத்தமும் அதிலேயே வந்துவிடுவதால் இனிப் பிடிலுக்கு வேலையில்லை என்றும், கேட்டு வந்த தக்கலைக்காரருக்கே அதைக் கொடுத்துவிடலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அப்பா. ஏன் வேண்டாம் என்று சொல்வதற்கு, நான் இந்தக் குளிர்காலம் முழுவதும் போய்வரும் சிம்பொனி மண்டபத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

எதிர்வீட்டுப் போலந்துக்காரப் பாட்டாவை அம்மாவுக்கு நினைவிருக்கும். நான் கருவாடு பொரித்த அன்று கதவைத் தட்டினாரே, அவர்தான். அன்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ இது என்ன மீன் என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். அதன்பின் டெவன் வீதிக் கடையில் உறைய வைத்த மரச்சீனிக் கிழங்கு கிடைக்கும் நாட்களில் அவித்து, மீன் கறியோடு அவருக்கும் ஒரு தட்டு கொடுத்துவிடுகிறேன். சிம்பொனி மண்டபத்தின் உச்சி மாடத்தில் அவருக்குப் பல ஆண்டுகளாக இரண்டு இருக்கைகள் உண்டு. மனைவி இறந்த பிறகும் இரண்டுக்கும் சேர்த்தே பணம் கட்டி வந்தவர், இந்த ஆண்டு அந்த இரண்டாவது இருக்கையில் என்னை உட்கார வைத்திருக்கிறார். தம்முடைய பழைய கம்பளிக் கோட்டையும் எனக்குத் தந்துவிட்டார். ஆகவே புதிதாக ஒன்று வாங்கத் தேவையில்லாமல் போயிற்று.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே இருமல் மிட்டாய்களின் தாளையெல்லாம் பிரித்து, மிட்டாய்களை மட்டும் ஒரு கைக்குட்டையில் முடிந்துகொள்வார். வாசிப்பு நடக்கும்போது தாள் சரசரக்கக் கூடாது என்பதற்காக. வாசலில் நின்று முகப்பை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றிய பிறகே உள்ளே நுழைவார். அந்த முகப்பில் பாக், மொசார்ட், பீத்தோவன், சூபர்ட், வாக்னர் என்று ஐந்து மேல்நாட்டு இசை மேதைகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே வாசிக்கும் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவை 1891-இல் தொடங்கியவர் தியடோர் தாமஸ் என்பவர். 4,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய ஒரு பெரிய அரங்கில்தான் முதலில் வாசித்து வந்தார்கள். அது தம் குழுவுக்குப் பொருந்தாத அளவு பெரிது என்று சொல்லி, தமக்கென்று ஒரு மண்டபம் வேண்டுமென அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் 8,000-க்கும் மேற்பட்ட மக்கள் ஆளுக்கு இயன்றதைக் கொடுக்க, அந்தப் பணத்தில் கட்டினார்கள். இதைக் கேட்டபோது நம் சபைக் கோயில் கட்டுவதற்குப் பாட்டி நாள்தோறும் எடுத்து வைத்த பிடியரிசிப் பானைதான் என் கண்முன் வந்தது. 1904 டிசம்பரில் மண்டபம் திறந்தது. முதல் கச்சேரியை நடத்திய தாமஸ் மூன்றே வாரத்தில் காலமாகிவிட்டார்.

அம்மா, இதைக் கேட்டால் நீங்கள் மகிழ்வீர்கள். மண்டபத்துக்கு எதிரே, வீதியின் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஓவியக்கூடக் கட்டடத்தில்தான் 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசினார். சிறு வயதில் நீங்கள் என்னைப் படகில் கூட்டிப்போய்க் காட்டிய பாறையில் அவர் தியானம் செய்தது 1892 டிசம்பரில். ஒன்பது மாதத்துக்குள் இங்கே வந்து நின்றிருக்கிறார். அதே ஆண்டு இந்நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு இசைப் பொறுப்பு தாமஸுடையது, கட்டுமானப் பொறுப்பு டேனியல் பர்னம் என்பவருடையது. இந்த மண்டபத்தைப் பின்னாளில் வடிவமைத்தவரும் அந்தப் பர்னம்தான். வீதியின் இந்தப் பகுதிக்கு இப்போது விவேகானந்தர் பெயரைச் சிறப்புப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். கச்சேரி முடிந்து பனிக்காற்றில் வெளியே வரும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: உள்ளே ஒலிபெருக்கி கிடையாது. 2,500 பேர் உட்காரும் இடத்தில், உச்சி மாடத்தின் கடைசி வரிசை வரைக்கும், நாகஸ்வரம் போன்ற ஊதுகருவியான ஓபோ ஒன்றை ஒருவர் தனியாக ஊதுவது தெளிவாகக் கேட்கிறது. அந்த ஓபோவை வைத்துத்தான் எல்லாரும் சுருதி சேர்க்கிறார்கள். ஒலிபெருக்கி வந்த பின்புதான் சபையில் காது கொடுத்துக் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள் என்று நீங்கள் சொல்வீர்களே, அந்தப் பேச்சின் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது. ஏறத்தாழ முப்பது பிடில்கள், அத்தனை வில்லும் ஒரே பக்கம் போய் ஒரே பக்கம் திரும்புகின்றன. மேலிருந்து பார்த்தால் காற்றடிக்கும்போது நாஞ்சில் நாட்டு வயல் சாய்ந்து எழுவது போல இருக்கிறது. உங்களுக்கு ஒரு நாளும் பக்கத்தில் இன்னொரு பிடில் இருந்ததில்லை.

போன மாதம் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியை வாசித்தார்கள். 1808-இல் முதன்முதலாக அரங்கேறியது. நாட்டுப்புறத்தைப் பற்றியது, ஐந்து பகுதி கொண்டது. இரண்டாம் பகுதியின் முடிவில் புல்லாங்குழலும் ஓபோவும் கிளாரினெட்டும் மூன்று பறவைகளாகக் கூவுகின்றன. அவற்றில் காடையும் ஒன்று. பாட்டா என் கையைத் தொட்டு, பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்த டிம்பனிக்காரரை, அதாவது பெரிய முரசுகளை அடிப்பவரைக் காட்டினார். முதல் மூன்று பகுதிகளிலும் அவருக்கு ஓர் அடிகூட இல்லை. ஏறக்குறைய அரை மணி நேரம் காத்திருக்கிறார். நான்காம் பகுதி புயல். பிடிலின் பெரிய வடிவங்களான செல்லோக்களும் டபுள் பாஸ்களும் அடியில் உறுமத் தொடங்க, பிடில்கள் முதல் தூறலாகச் சொட்ட, அதன்பின் டிம்பனி இடியாக இறங்கியது.

நான் அப்போது அங்கே இல்லை. 2017 நவம்பர் 30-இல் இருந்தேன். ஓடுகள் பறந்ததும், விளையில் ரப்பர் மரங்கள் ஒவ்வொன்றாக முறிந்து விழுந்த சத்தத்தை அப்பா இருட்டில் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததும், பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டதும் அப்படியே திரும்ப வந்தன. கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் அந்த ஓகிப் புயலில் திரும்பி வரவில்லை. நமக்குப் போனது மரங்கள்தான் என்று சொல்லி, கரண்டு இல்லாத மூன்றாம் நாள் இரவு நீங்கள் வராந்தாவில் உட்கார்ந்து பிடிலை எடுத்துக் கீர்த்தனை வாசித்தீர்கள். அக்கம்பக்கத்தார் விளக்கோடு வந்து நம் நடையில் நின்று கேட்டார்கள். இந்தச் சிம்பொனியில் புயல் அடங்கியதும் கிளாரினெட் ஒரு பாட்டை எடுக்கிறது, ஹார்ன் அதை வாங்கிக்கொள்கிறது, பிறகு பிடில்களின் கைக்கு வருகிறது. அது புயலுக்குப் பின் செலுத்தும் நன்றி. அந்த இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை அப்பா. பாட்டா ஒன்றும் கேட்காமல் கைக்குட்டையை அவிழ்த்து ஒரு மிட்டாயைக் கொடுத்தார். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போலிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், தக்கலைக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். விரல் மடங்கவில்லை என்றால் அக்காள் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சனிக்கிழமை தோறும் அவளைக் கொண்டுவந்து விட அத்தானிடம் நானே பேசுகிறேன். மே மாதம் ஊருக்கு வரும் நண்பர் கையில் இரண்டு செட் தந்தியும் வில்லில் தேய்க்க ஒரு கட்டி ரோசினும் கொடுத்தனுப்புகிறேன். விற்றால் வரும் பணத்தை மனதில் வைத்துக் கேட்டீர்களானால், அதற்கு அவசியமில்லை. இந்த மாதப் பணம் மட்டும் இருபதாம் தேதிக்குப் பின்புதான் வரும். வேறொன்றுமில்லை, நாள் சற்று மாறிவிட்டது. படத்தில் நான் மெலிந்து தெரிவதாக அம்மா கவலைப்பட வேண்டாம். கோட்டு பெரியது, அதனால் அப்படித் தெரிகிறது.

ஓகிக்குப் பின் நட்ட ரப்பர் வெட்டுக்கு வந்துவிட்டதா, பால் வெட்ட ஆள் கிடைத்தாரா என்று எழுதுங்கள். குலசேகரம் சித்தப்பாவிடம் எல்லைக் கல் விஷயமாக நீங்கள் தனியாகப் பேசப் போக வேண்டாம், அத்தானையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த மழைக்கு முன் மேற்குப் பக்கத்துக் கூரை ஓடுகளை மாற்றிவிடுங்கள். அதுவரைக்கும் பிடிலைப் பரணில் வைக்காமல் அம்மாவின் அலமாரியில் வையுங்கள்.

அன்புள்ள மகன்