விண்ணப்பத்தில் ஒரு கட்டம் குறைகிறது

கால்நடை, தோட்டக்கலைத் திட்டங்களைத் தீட்டும் அதிகாரிகளுக்கு வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். போன வாரம் எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் புது அறிவிப்பு ஒட்டினார்கள். மானியத்துடன் கறவை மாட்டுக் கடன். பெயர், தகப்பனார் பெயர், ஆதார், சாதிச் சான்று, பட்டா நகல், வங்கிக் கணக்கு என்று விண்ணப்பத்தில் எண்ணிப் பார்த்தால் 17 கட்டங்கள். கடைசியில் தடித்த எழுத்தில், எச்.எஃப். கலப்பினப் பசுக்களுக்கு முன்னுரிமை என்று ஒரு வரி. எச்.எஃப். என்றால் பால் அதிகம் கறக்கிற கறுப்பு வெள்ளைச் சீமை மாட்டு இனம். பக்கத்தில் நின்ற என் வீட்டம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன முறை இதே மாதிரி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதற்கு இன்னும் 2 வருடம் தவணை கட்ட வேண்டியிருக்கிறது.

திட்டம் எப்படி நடந்தது, யார் யாருக்கு மாடு வந்தது என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. கோப்பில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது என் மாட்டின் கதை.

கார்த்திகையில் வந்தாள். எச்.எஃப். கலப்பு, இரண்டாம் ஈத்து (இரண்டாவது கன்று போட்டவள்), கறுப்பு வெள்ளை, நெற்றியில் வாழை இலை நுனி மாதிரி ஒரு வெள்ளை. கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்திலிருந்து வந்த மாடு என்று தரகர் பெருமையாகச் சொன்னார். மலை மாடு என்றால் திடமாக இருக்கும் என்று நானும் நம்பினேன். தை வரைக்கும் குறையே இல்லை. காலையும் மாலையும் சேர்த்து 16 லிட்டர். பால் சொசைட்டியில் என் கேனைப் பார்த்து நாலு பேர் விசாரித்தார்கள்.

மாசி கடைசியில் தீவனத்தை மிச்சம் வைக்க ஆரம்பித்தாள். பங்குனியில் பால் 9 லிட்டருக்கு வந்தது. சித்திரையில் 5. அதிலும் கொழுப்பு குறைவு என்று சொசைட்டியில் விலையைப் பிடித்தார்கள்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு என் மகன் இடுப்பில் துருத்தியைக் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தான், சாமிக்குத் தண்ணீர் பீய்ச்ச. நான் இங்கே கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தபடி நின்றாள். நாக்கு வெளியே தொங்குகிறது, எச்சில் கயிறு கயிறாகத் தரையைத் தொடுகிறது. விலா ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். நிமிடத்துக்கு 90ஐத் தாண்டியது. நல்ல மாட்டுக்கு அதில் பாதி கூட இருக்கக் கூடாது. முதுகில் ஈரச்சாக்கு போட்டேன். பத்து நிமிடத்தில் சாக்கு காய்ந்துவிட்டது. மோட்டார் தண்ணீரோ குழாயிலிருந்தே வெந்நீராக வந்தது. வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து வைத்தோம், கரண்ட் போனது. கடைசியில் வீட்டம்மா பனையோலை விசிறியால் மாட்டுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வளைகாப்புக்குக்கூட அவளுக்கு யாரும் அப்படி விசிறியதில்லை என்று அவளே சொன்னாள்.

டாக்டர் வந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாட்டின் வயிறே ஒரு அடுப்பு என்றார். தின்றது செரிக்கும்போதே சூடு கிளம்பும், பால் அதிகம் கறக்கிற மாட்டுக்கு அந்தச் சூடும் அதிகம். வெளியே காற்று குளிர்ச்சியாக இருந்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும். பகலில் கொதித்தாலும் ராத்திரி குளிர்ந்தால் ஓரளவு இறக்கி வைத்துவிடும். எங்கள் ஊரில் சித்திரை ராத்திரியும் குளிர்வதில்லை. அப்புறம் மாடு தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பார்க்கும், தீவனத்தைக் குறைக்கும். தீவனம் குறைந்தால் பால் எங்கிருந்து வரும்? பருவத்துக்கு வந்தாலும் கத்தாமல் கொள்ளாமல் நடுராத்திரியில் வந்து போய்விடும். ஊசி போட்டு நின்றாலும் அந்தச் சூட்டில் கரு தங்குவது கஷ்டம். மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்காததற்குக் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வைகாசியில் விற்றேன். 60,000 கடன் போட்டு வாங்கிய மாடு, 28,000க்குப் போனது. வாங்கியவர் கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிக்கு மேலே இருப்பவர். ஆடி முடிந்து போன் பண்ணி விசாரித்தேன், மனசு கேட்கவில்லை. "என்ன அண்ணே, நல்ல மாட்டைப் போய் வித்துட்டீங்களே, முதல் ஊசியிலேயே சினை நின்னுருச்சு" என்றார். பின்னாலேயே அவள் கத்தும் சத்தம் கேட்டது. அதே மாடு, அதே வயிறு, அதே ஊசி. மாறியது உயரம் ஒன்றுதான்.

அதனால்தான் கேட்கிறேன். மாட்டின் இனத்தை எழுதுவதற்கு முன்னால், அந்த மாடு நிற்கப்போகும் இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். 17 கட்டம் கேட்கிறீர்கள், 18ஆவதாக இதையும் கேளுங்கள்.

இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடப் பாடம்தான். 1000 மீட்டர் மேலே போனால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். எங்கள் ஊர் 240 மீட்டர் என்று மகன் போனில் பார்த்துச் சொன்னான். கொடைக்கானல் 2100க்குக் கொஞ்சம் மேலே. கணக்குப் போட்டால் 12 டிகிரி வித்தியாசம். அந்த 12 டிகிரியில்தான் என் 32,000 ரூபாய் போயிற்று.

எச்.எஃப். என்கிற ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் மலையில் பிறந்த இனம்கூட இல்லை. அதன் பூர்வீகம் ஹாலந்து. அந்த நாட்டில் பாதி நிலம் கடல் மட்டத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ கிடக்கிறது. ஆனால் அவர்கள் இருப்பது வடக்கே, அதனால் கடல் மட்டத்திலேயே குளிர் கிடைக்கிறது. நாம் இருப்பது 10 டிகிரி அட்சரேகையில். ஹாலந்தின் குளிர் நமக்கு வேண்டுமென்றால் மலையேறித்தான் போக வேண்டும். போன வருடம் பயிற்சி என்று ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களை உட்கார வைத்தீர்களே, அன்றைக்குத் திரையில் காட்டிய கறுப்பு வெள்ளைப் பசுவுக்குப் பின்னால் பனிமலை தெரிந்தது. அந்தப் பனிமலை எந்த மானியத்தில் வரும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஏசி ஹாலில் எனக்கும் அது தோன்றவில்லை.

சமவெளியில் எச்.எஃப். வளர்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பெரிய பண்ணைக்காரர்கள் உயரமான கொட்டகை போட்டு, பெரிய விசிறியும் தண்ணீர் தூவும் குழாயும் வைத்து வளர்க்கிறார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஒற்றை மாடும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வைத்திருப்பவனுக்கு ஆகாது. சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலைக்கு எச்.எஃப். கலப்பு என்று உங்கள் டாக்டர்களே பல வருடமாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். பக்கத்து வீட்டில் ஒரு ஜெர்சிக் கலப்பு நிற்கிறது. 8 லிட்டர்தான் கறக்கும். ஆனால் அதே சித்திரையிலும் 6 லிட்டருக்குக் குறையவில்லை, புரட்டாசியில் கன்றும் போட்டது. டாக்டருக்குத் தெரிந்தது அறிவிப்பு அடிப்பவருக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்பதுதான் எனக்குப் புரியாத புதிர்.

நாட்டு மாட்டை வளருங்கள் என்று மேடையில் பேசுகிறவர்களோடும் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். புலிக்குளம் மாடு எந்த வெயிலையும் தாங்கும், ராத்திரி வயலில் கிடை போட்டு அடைத்தால் சாணத்தில் வயல் செழிக்கும், வாடிவாசலில் நின்றால் ஊரே பார்க்கும். ஆனால் அது கறக்கிற பாலில் கன்றுக்குப் போக மிஞ்சுவதை வைத்து வங்கித் தவணை கட்ட முடியாது. பால் எனக்கும் வேண்டும். என் உயரத்துக்குத் தாங்குகிற மாட்டிலிருந்து வேண்டும்.

கீழே இருப்பவன் மட்டும் அவதிப்படவில்லை. என் மச்சான் சிறுமலையில் இருக்கிறார். எங்கள் கொல்லையில் நின்றால் அவர் மலை தெரியும், போக வேண்டுமென்றால் திண்டுக்கல்லைச் சுற்றி 18 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். அவர் தோட்டம் 1000 மீட்டரை ஒட்டி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அவருக்கு இலவசமாகக் கொடுத்தது என்ன தெரியுமா? தென்னங்கன்று. கடற்கரையில் தானாக முளைக்கிற மரத்தை, ராத்திரி போர்வை இல்லாமல் படுக்க முடியாத இடத்தில் நட்டு வைத்தார். ஓலை நன்றாக வருகிறது. விளக்குமாற்றுக்குப் பஞ்சமில்லை. காய்தான் இல்லை. அந்தக் குழிகளில் மிளகுக்கொடி ஏற மரமோ, அங்கேயே மணக்கிற மலை வாழையோ வைத்திருக்கலாம். சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தக் குறியீட்டுக்கு அர்த்தம் என்ன? அந்த உயரம், அந்தப் பனி, அந்த மண், இந்த ருசி என்பதுதானே? குதிரைமேல் பொதி ஏற்றி இறக்கிப் பிழைக்கிற ஊருக்குத் தென்னங்கன்றை எந்தக் குதிரையில் ஏற்றி அனுப்பினீர்களோ!

மல்லிகை கதை நேர்மாறு. மார்கழி, தையில் கொஞ்சம் குளிர்ந்தாலே எங்கள் மதுரை மல்லி மொட்டு விடுவதைக் குறைத்துக்கொள்கிறது, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை எகிறுகிறது. வெயில் வேண்டும் அதற்கு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கோ குளிர் வேண்டும், நான் சமவெளியில் நட்டால் தாள் வரும், பல் திரளாது. அதே கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அடர்ந்த ரோமம் உள்ள பாரத் மெரினோ ஆடு அங்கே நன்றாக வளர்கிறது. அதை இறக்கி மேலூரில் வளருங்கள் என்று யாரும் இதுவரை சொல்லவில்லை. சொல்லிவிடாதீர்கள். நான் யோசனை கொடுத்ததாக ஆகிவிடும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். விண்ணப்பத்தில் உயரத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். அதைப் பார்த்து மாட்டின் இனத்தையும் கன்றின் வகையையும் முடிவு செய்யுங்கள். மாடு மலையிலிருந்துதான் வர வேண்டுமென்றால், பங்குனி, சித்திரையில் இறக்காதீர்கள். போன வருடம் என்னைப் போலவே மாடு வாங்கி நட்டப்பட்டவர்களின் தவணையை என்ன செய்யலாம் என்றும் தயவுசெய்து யோசியுங்கள்.

கடைசித் தேதி மாசி முடிவதற்குள் வருவதால் நானும் விண்ணப்பம் எழுதிவிட்டேன். 17ஆவது கட்டத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்துப் பேனாவால் 18ஆவது கட்டம் வரைந்து, உயரம் 240 மீட்டர், வேண்டியது ஜெர்சிக் கலப்பு என்று எழுதியிருக்கிறேன். படிவத்தைத் திருத்தியதாகச் சொல்லித் தள்ளுபடி செய்துவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறுமலை அடிவாரத்தில் மதுரைப் பக்கத்துக் கறவை மாட்டுக்காரன்