‘படுத்த நிலை’ என்றால் எந்த நிலை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற மாத நலவாழ்வுப் பகுதியில் முதுகுவலிக்கான பயிற்சிகள், உறக்கம், கைக்குழந்தைப் பராமரிப்பு ஆகியவை பற்றி வெளியான மூன்று கட்டுரைகளையும் படித்தேன். மூன்றிலும் ‘படுத்த நிலையில்’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது; மல்லாந்தா, குப்புறவா, ஒருக்களித்தா என்பது ஓரிடத்தைத் தவிர வேறெங்கும் சொல்லப்படவில்லை. பல ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை அளித்துவரும் எனக்கு இது வெறும் சொற்குறையாகத் தோன்றவில்லை.

பயிற்சிக் கட்டுரையில் ‘படுத்துக்கொண்டு காலை உயர்த்தவும்’ என்றிருக்கிறது. மல்லாந்து படுத்துக் காலை உயர்த்தினால் தொடையின் முன்பக்கத் தசைகள் உழைக்கின்றன. குப்புறப் படுத்து உயர்த்தினால் பிட்டத் தசைகளும் தொடையின் பின்பக்கத் தசைகளும், ஒருக்களித்து உயர்த்தினால் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளும் உழைக்கின்றன. ஒரே வாக்கியத்தைப் படித்த மூவர் மூன்று வேறு பயிற்சிகளைச் செய்துகொண்டிருப்பார்கள். மல்லாந்த நிலையிலும்கூட, வயிற்றுத் தசைகள் வலுவிழந்தவர் இரு கால்களையும் சேர்த்து நீட்டி உயர்த்தினால் இடுப்புப் பகுதி வளைந்து தரையைவிட்டு எழும்பி, இருக்கும் வலியைக் கூட்டிவிடும். ஒரு காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றியபின் மறு காலை மட்டும் உயர்த்தச் சொல்லியிருக்கலாம். (யோகாசனம் கற்பிப்போர் இதில் தவறுவதில்லை, சவாசனம் மல்லாந்து, மகராசனம் குப்புற என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.)

உறக்கக் கட்டுரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இடப்பக்கம் ஒருக்களிப்பது உதவும் என்பதையும், கருவுற்ற பெண்கள் 28 வாரங்களுக்குப் பிறகு மல்லாந்து உறங்குவதைத் தவிர்த்து ஒருக்களித்தே உறங்கத் தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்திருந்தால் நிறைவாக இருந்திருக்கும். மல்லாந்த நிலையில் கனத்த கருப்பை, இதயத்துக்கு இரத்தத்தைத் திரும்பக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்துகிறது.

என்னை எழுதத் தூண்டியது மூன்றாவது கட்டுரைதான். நிலையைப் பெயர் சொல்லிக் குறித்த அந்த ஒரே இடம் அதில்தான் இருக்கிறது: ‘குழந்தையைக் குப்புறப் போடுவது கழுத்துக்கு வலுவூட்டும்.’ கருத்து சரியானதே. ஆனால் விழித்திருக்கும்போதா, உறங்கும்போதா என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. விழித்திருக்கும் குழந்தையை, பெரியவர் ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கக் குப்புறப் போடுவது நல்லது. தவழத் தொடங்காத குழந்தைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடம், பல வேளைகளாகப் பிரித்து, இப்படிப் போட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. உறங்கும் குழந்தைக்கோ அதே நிலை, திடீர் சிசு மரணத்தின் அபாயத்தைக் கூட்டுவதாக அறியப்பட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கூட்டமைப்பு, குழந்தைகளைக் குப்புற உறங்க வைக்க வேண்டாம் என்று 1992இல் அறிவித்தது. 1994இல் அதற்கென நாடு தழுவிய பரப்புரையும் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அத்தகைய மரணங்கள் அங்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

மல்லாந்து கிடக்கும் குழந்தை பாலைக் கக்கினால் புரையேறிவிடுமே என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. உண்மையில் அந்நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடக்கும்போதுதான் இந்த அமைப்பு தலைகீழாகிறது. ஒருக்களித்துக் கிடத்துவதும் மாற்று வழியாகாது. அங்கிருந்து குழந்தை எளிதில் குப்புறச் சாய்ந்துவிடும். ஒரு வயதுவரை, பகலானாலும் இரவானாலும், உறுதியான சமதளப் படுக்கையில் தலையணையின்றி மல்லாத்தியே உறங்க வைக்க வேண்டும். இரு பக்கமும் தானாகப் புரளப் பழகிய குழந்தை உறக்கத்தில் குப்புறத் திரும்பிக்கொண்டால் அதைத் திருப்பிப் போட வேண்டியதில்லை.

அடுத்த இதழில், ‘குப்புற’ என்ற அந்த வரியோடு ‘விழித்திருக்கும்போது மட்டும்’ என்ற சொற்களைச் சேர்த்துத் திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். கட்டுரையின் தலைப்பில் இருந்த படத்தையும் தயவுசெய்து மாற்றுங்கள். அதில் ஒரு குழந்தை பஞ்சுத் தலையணையில் முகம் புதைத்துக் குப்புற உறங்கிக்கொண்டிருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரியும் ஒரு வாசகி