பாட்டியின் கடிகாரம்

சுங்கை சிப்புட்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

பாட்டி நன்றாக இருக்கிறார். மணிக்கட்டுக் கட்டை அவிழ்க்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். வலது கை ஆயிற்றே, கரண்டியில் சாப்பிடச் சொன்னால் முறைக்கிறார். உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, படிக்கிறாய், அது போதும். பெரியப்பா வீட்டு விஷயத்தை அப்புறம் எழுதுகிறேன்.

பாட்டி விழுந்தால் நமக்குப் போன் போடட்டும் என்று நீ வாங்கிக் கொடுத்த கடிகாரத்தில் என்ன மாற்றினேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 4ஜி பார்த்து வாங்கினாயே, கெட்டிக்காரி. இங்கே ஒருவர் தன் அப்பாவுக்கு 3ஜி மட்டும் பிடிக்கிற ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். நம் மலேசியாவில் 3ஜியை 2021 டிசம்பர் 31-க்குள் நிறுத்திவிட்டார்கள். இப்போது அதில் மணி பார்க்கலாம், அவ்வளவுதான்.

சார்ஜ் போடும் நேரத்தை மாற்றிவிட்டேன். இரவில் போட்டால் பாட்டி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து போகும்போது கை வெறுங்கை. இனி பகல் நாடகம் ஓடுகிற ஒரு மணி நேரம்தான் சார்ஜ். அப்போது அவர் நாற்காலியை விட்டு அசையமாட்டார். குளிக்கும்போதும் கழற்றக் கூடாது. அட்டையில் ஐபி67 என்று போட்டிருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். வாளியில் மொண்டு ஊற்றுவதெல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை. சொன்னால், “கெட்டுப்போனால் பேத்தி காசு” என்கிறார். நீயும் ஒரு வார்த்தை சொல்.

உள்ளே அசைவை அளக்கிற சில்லு இருக்கிறது. பெரிய அதிர்ச்சி ஒன்று, அதன் பிறகு அசைவில்லை என்றால் ஆள் விழுந்ததாகக் கணக்குப் போடும். சுவரில் சாய்ந்தபடி மெல்லச் சரிந்தால் அதற்குத் தெரியாது. அதனால் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்கப் பழக்கியிருக்கிறேன். விழாமலே விழுந்ததாகக் கத்துவதும் உண்டு. தேங்காய் உடைத்துவிட்டுக் கையை மடியில் வைத்தால் போதும், துணியைக் கல்லில் அடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றால் போதும். பாட்டி விழுந்த அன்று காலையில் மட்டும் மூன்று தடவை.

குளியலறையில் கைப்பிடி மாட்டிவிட்டேன். தோட்டத்து லயத்து வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும், பாதி செங்கல், மேலே பலகை. பலகையில் திருகினால் ஒரு நாள் பிடுங்கிக்கொண்டு வரும். செங்கலிலேயே ஓட்டை போட்டு, விரியும் போல்ட் இறக்கி, தரையிலிருந்து 34 அங்குலத்தில் வைத்தேன். முழு எடையோடு தொங்கியும் பார்த்தேன். கடையில் காட்டிய ரப்பர் உறிஞ்சிப் பிடியை வேண்டாம் என்றேன். ஈரத்தில் காற்று புகுந்தால் கழன்றுவிடும், அதை நம்பிக் கை வைப்பதற்கு ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். இந்தக் கைப்பிடியைப் போன வருஷமே மாட்டியிருக்க வேண்டும்.

அசைந்தால் எரிகிற விளக்கைக் கட்டிலுக்கு எதிரே வைக்கச் சொன்னாய். அந்த சென்சார் குறுக்கே போகிற சூட்டைத்தான் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வந்தால் தாமதமாக எரியும். அதனால் பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில் மாட்டினேன். உடம்புச் சூடும் அறைச் சூடும் நெருங்கிவிட்டால் அது மந்தமாகும். நம் ஊர் மத்தியானப் புழுக்கத்தில் அதை நம்பாதே. இரவுக்குப் போதும்.

சிம் பிரீபெய்டு. டாப்அப் தேதி தவறினால் கடிகாரம் ஊமை. தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். கடிகாரம் கூப்பிடுகிற எண்களில் வாய்ஸ்மெயில் இருக்கவே கூடாது. பதிவுக் குரல் பேச ஆரம்பித்தால், ஆள் எடுத்துவிட்டார் என்று எண்ணி அடுத்த எண்ணுக்குப் போகாது. என் போனில் ##002# அடித்து அதை எடுத்துவிட்டிருந்தேன். அன்று அழைப்பு என்னைத் தாண்டி உனக்கு வந்தது அதனால்தான்.

நான் ஏன் எடுக்கவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் லைன் இல்லை என்று சொல்லியிருப்பேன். மாரி அத்தையிடம் அப்படித்தான் சொன்னேன். லைன் இருந்தது பாப்பா. காலையில் மூன்று தடவை வீணாக ஓடிய எரிச்சலில் போனை சைலண்டில் போட்டு, மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ‘தொந்தரவு வேண்டாம்’ அமைப்பைப் போட்டிருந்தாலாவது மணி அடித்திருக்கும், பாட்டி எண்ணுக்கு நட்சத்திரம் குறித்து வைத்திருந்தேன். சைலண்டில் போட்டால் அந்த நட்சத்திரம் செல்லாது. அதுவும் எனக்குத் தெரியும். எழுந்து பார்த்தால் பாட்டியிடமிருந்து ஒன்று, உன்னிடமிருந்து ஒன்பது. நீ ஜோகூரில் இருந்துகொண்டு மாரி அத்தையைப் பிடித்து அனுப்பியிருக்கிறாய். நான் முன்னூறு அடி தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் மாரி அத்தை, அடுத்து நீ, மூன்றாவதுதான் நான். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, காலை பத்து மணிக்குப் பொத்தானை அழுத்திச் சோதிக்கப் போகிறோம். இரண்டாவது எண்ணுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டுமே, அதனால் மாரி அத்தையை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு மணி அடிக்கும். எடு. பாட்டிதான் பேசுவார். நான் பக்கத்தில் நிற்பேன்.

அப்பா