செயலாளர் ஆண்டறிக்கை: முகட்டு நிலையம் நின்ற ஐந்து நாட்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில், கம்பியில்லாமல் இணையத்தைக் கடத்தும் இரண்டு புதிய நிலையங்கள் நிறுவுவதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். இந்த ஆண்டு ஒன்றுகூட நிறுவவில்லை. நிறுவ வேண்டாம் என்ற முடிவைச் செயற்குழுவில் முன்மொழிந்தவன் நான்தான் என்பதால், காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

மழைக்காலத்தில் நமது முகட்டு நிலையம் ஐந்து நாட்கள் செயலிழந்தது. பள்ளத்தாக்கில் உள்ள பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் இணையம் போவது அந்த ஒரே கம்பத்தின் வழியாக. இணைய அலைகளை அனுப்பி வாங்கும் ரேடியோ பழுது என்று எண்ணி, மாற்று ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் ஏறினோம். ரேடியோவில் எந்தக் கோளாறும் இல்லை. பேட்டரிதான் வற்றிக் கிடந்தது.

கணக்கில் பிழை செய்திருந்தோம். இரண்டு ரேடியோக்களும், 12 வோல்ட்டை 24 ஆக உயர்த்தும் மாற்றியும் சேர்ந்து 18 வாட் எடுக்கின்றன. இரவும் பகலும் ஓடுவதால் நாளொன்றுக்கு 432 வாட்-மணி. 100 வாட் சூரியத் தகடு, சராசரியாக 5 மணி நேர முழு வெயில், ஆகவே 500 வாட்-மணி என்று தாளில் எழுதி நிம்மதியாக இருந்துவிட்டோம். மேகம் மூடிய மாதத்தில் கிடைப்பது 3 மணி நேரத்துக்கும் குறைவு. கம்பியிலும் பேட்டரியிலும் கரைவது வேறு. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால், நம்பக்கூடிய இருப்பு 600 வாட்-மணிதான். ஒன்றரை நாளுக்குக்கூடப் போதாது.

அதைவிட மனத்தை வருத்தியது வேறொன்று. தகடு, பேட்டரி, ரேடியோக்கள் மூன்றுக்கும் இடையே மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் மின்னேற்றக் கட்டுப்படுத்தி, பேட்டரி 11.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் ரேடியோக்களைத் துண்டித்து, 11.9 வோல்ட்டில் மீண்டும் இணைக்கும்படி அமைந்திருந்தது. காலையில் லேசாக வெளிச்சம் பட்டதும் வோல்ட் ஏறும், ரேடியோக்கள் உயிர்பெறும், உடனே வோல்ட் சரியும், மறுபடியும் துண்டிப்பு. அன்றாடம் கிடைத்த கொஞ்ச வெயிலையும் இப்படி விழித்து விழித்தே செலவழித்திருக்கிறது அந்த நிலையம். இந்தத் தொடர் துண்டிப்பில் ஒரு ரேடியோவின் அமைப்புகளும் அழிந்துபோயின. மீண்டும் இணைக்கும் அளவை அன்றே உயர்த்தினோம். அது இரண்டு நிமிட வேலை. நிறுவிய நாளிலேயே செய்திருக்க வேண்டியது.

இப்போது அங்கே 150 வாட் தகடுகள் இரண்டும், 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் இருக்கின்றன. அதில் 80 சதவீதம் பயன்படுத்தினாலும் வெயிலே இல்லாமல் நாலரை நாள் தாங்கும். இரண்டு புதிய நிலையங்களுக்கு ஒதுக்கிய நிதி இங்கேதான் போனது. அதற்காக நான் வருந்தவில்லை.

பேட்டரியை மாற்றும்போது பெட்டியின் அடியில் விரற்கடை அளவு தண்ணீர் நின்றதையும் கண்டோம். மழை உள்ளே இறங்கவில்லை; மூடியின் ரப்பர் விளிம்பு நன்றாகவே இருந்தது. பகலில் சூடேறி விரியும் காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, நுண்ணிய இடுக்குகள் வழியே ஈரக்காற்றை இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரம்தான் உள்ளே நீராகப் படிகிறது. எல்லாப் பெட்டிகளிலும் காற்றை விட்டு நீரைத் தடுக்கும் மூச்சுத் திருகாணி பொருத்தினோம். பக்கவாட்டில் நுழைந்த கம்பிகளை அடிப்பக்கத்துக்கு மாற்றி, நுழையுமுன் ஒரு வளைவு தொங்கவிட்டோம். கம்பி வழியே ஓடிவரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஆற்றோர இணைப்பு வேகம் குறைந்ததற்குக் காரணம் பாதையின் நடுவில் வளர்ந்த ஒரு மரம். எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 8 கிலோமீட்டர் தொலைவில் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பாதையின் நடுவே சுமார் 10 மீட்டர் ஆரமுள்ள வெளி தேவை. அதில் 60 சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். மரத்தை வெட்டலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கம்பத்தை 3 மீட்டர் உயர்த்தினோம். பழைய வேகம் திரும்பிவிட்டது.

பயிற்சி வகுப்புகள் வழக்கம்போல நடந்தன. ஒரு வகுப்பில் வெனிசுவேலாவைப் பற்றிப் பேசினோம். அங்கே 2007இல் எர்மானோ பியட்ரோசெமோலியும் அவர் குழுவினரும் சாதாரண வைஃபை கருவிகளைக் கொண்டு 382 கிலோமீட்டர் இணைப்பை ஏற்படுத்தினார்கள். தொலைவு நமக்குத் தடையே இல்லை என்று இளைய உறுப்பினர்கள் மகிழ்ந்தார்கள். அவர்களையே அடுத்த வாரம் முகட்டுக்கு அழைத்துச் சென்று, மின் அளவியைக் கையில் கொடுத்து, ஒரு முழு நாள் பேட்டரி வோல்ட்டை மணிக்கொரு முறை குறிக்கச் செய்தேன். இந்த ஆண்டின் மிகச் சிறந்த வகுப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தென்முனை நிலையத்தின் எர்த் இணைப்பு இன்னும் முடியவில்லை. இடி மின்னல் காலம் தொடங்குமுன் முடித்தாக வேண்டும். அதற்கு நான்கு பேர் இரண்டு நாள் வரவேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கவும்.

மழையில் மூன்று முறை முகடு ஏறிய உறுப்பினர்களுக்கும், பேட்டரியைத் தோளில் சுமந்து உதவிய மேய்ப்பர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

இனி நிறுவும் ஒவ்வொரு நிலையத்துக்கும், ஆண்டுச் சராசரியை விட்டு, வெயில் மிகக் குறைந்த மாதத்தைக் கொண்டே தகடும் பேட்டரியும் கணக்கிடப்பட வேண்டும் என்ற தீர்மானத்தை அவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்