வெள்ளைச் சப்பாத்தும் தைப்பிங் மழையும்

கமுந்திங்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. மாடிப்படி மட்டும் ஏற வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

போன வாரம் போனில் கேட்டாயே, "பக்கத்திலேயே பள்ளி இருந்துச்சே, என்னை ஏன்பா தைப்பிங்குக்கு அனுப்பினீங்க?" என்று. அதற்குள் பேரன் அழுதான், நீ வைத்துவிட்டாய். போனில் சொல்லியிருந்தாலும் எனக்குச் சரியாக வந்திருக்காது. எழுதினால் வரும்.

1974-இல் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தேன். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-இல் வெள்ளைக்காரன் தொழிலாளர் சட்டத்தில் எழுதியதால் வந்த பள்ளிகள் அவை. ஆறாம் ஆண்டோடு சரி. அதற்கு மேல் டவுன்தான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், என்னோடு படித்தவர்கள் பலர் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். உன் தாத்தா என்னைப் போக விடவில்லை.

தைப்பிங்கில் நாம் இருவரும் படித்த கிங் எட்வர்ட் பள்ளியின் கதை உனக்குத் தெரிந்ததுதான். 1883-இல் சென்ட்ரல் ஸ்கூலாகத் தொடங்கி, 1905-இல் மன்னர் பெயர் பெற்றது. 1885-இல் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு மலேசியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் இருந்த இடத்தில்தான் அது நிற்கிறது. உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் அவனுடைய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தான். அப்போது தாத்தாவுக்கு எட்டு, ஒன்பது வயது. அந்தச் சாலைப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போவாராம். அந்த வாசலுக்குத்தான் 1975 ஜனவரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அலுவலகத்து வாசற்படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே நின்றபடியேதான் பேசினார்.

முதல் வருடம் புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் மலாய் தேறுவதற்கு ஒரு வருடம் கூடுதல். 1976-இல் முதலாம் படிவம் போனால், எங்கள் தொகுப்பிலிருந்துதான் அங்கே எல்லாப் பாடமும் மலாய்க்கு மாறியது. எங்களுக்கு மேலே இருந்த அண்ணன்மார்கள் கடைசிவரை ஆங்கிலத்திலேயே படித்து முடித்தார்கள். ஆக, காலையில் லயத்தில் தமிழ், வகுப்பில் மலாய், திடலில் அவர்களிடம் ஆங்கிலம். மூன்றும் ஒரே நாளில் வாயில் புரள வேண்டும். இன்று நான் எந்த ஆபீசிலும் யோசிக்காமல் பேசுகிறேன் என்றால் அந்தத் திடல்தான் காரணம். 1978-இல் மூன்றாம் படிவத்துப் பொதுத்தேர்வான எஸ்ஆர்பி முதன்முதலாக எழுதியதும் எங்கள் தொகுப்புதான்.

பள்ளிக்குப் போடும் வெள்ளைக் காலணி, அந்தச் சப்பாத்துக் கதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு சாயங்காலம் வெள்ளை மை அடித்து, அடுப்போரம் காய வைப்பேன். திங்கள் சபைகூடலில் மாணவர் தலைவர்கள் வரிசை வரிசையாகக் காலைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். தைப்பிங் மழையோ யாரையும் கேட்டுப் பெய்வதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் மை கரைந்து, தாழ்வாரம் முழுக்க வெள்ளைப் பாதம். தோட்டத்துப் பையன்கள் எந்த வகுப்புக்குப் போனார்கள் என்று அந்தச் சுவடே சொல்லிவிடும். எனக்கு மழை என்றால் சப்பாத்துக் கவலை. தாத்தாவுக்கு அன்றைக்குப் பால்வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. அப்படிப்பட்ட மாதங்களிலும் பஸ் காசு என் சட்டைப்பையில் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

2000-இல் உன்னைப் பதியப் போனபோது தாத்தாவும் வருவேன் என்றார், ஞாபகம் இருக்கிறதா? நீ மழைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். அலுவலகத்து வாசலில் மறுபடியும் செருப்பைக் கழற்றக் குனிந்தார். நான் தோளைத் தொட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் செருப்போடு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் மலாயில் அவரே பதில் சொன்னார். பக்கத்துப் பள்ளியில் உன்னைச் சேர்த்திருந்தால் அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்திருக்காது தம்பி. அதற்காகத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பையனுக்கும் வெள்ளைச் சப்பாத்துதானா?"

அன்புடன்,
அப்பா